கதவு வரி

மலாய்க்காரர்கள் இதைக் கதவு வரி என்பார்கள்.
ஆண்டுக்கு இரண்டு தடவை கட்டுகிறேன்,
ஜெலுத்தோங், சி பிளாக், தரைமாடி, பச்சைக் கதவு.
அடிக்கட்டை ஊறி உப்பிவிட்டது,
உதைத்தால்தான் திறக்கும்.
கதவுக்கு வெளியே இருப்பது யாருடையது என்று
ரசீதில் இல்லை.

வெளியே இருப்பது லோங்காங்.
நோன்புப் பெருநாளிலிருந்து அசையவில்லை.
தண்ணீர்மேல் பட்டாணி நிறத்தில் ஒரு தோல்,
அதில் கொசு நடக்கிறது, மூழ்காமல்.
ஆறாம் மாடிக்காரர்களுக்கு அது ஒரு வாடை.
எங்களுக்கு அது
கூடவே இருக்கும் ஒரு குடித்தனம்.

எதிர்வீட்டு சியூ கெய்க் டெங்கியில்
ஒன்பது நாள் வார்டில் கிடந்து வந்தபோது
கொம்தாருக்குப் போனேன்.
கவுண்டரில் ஃபட்ஸ்லி என்ற பையன். மரியாதையானவன்.
"எந்த வகைப் புகார், காக்?
வடிகாலா, குப்பையா, கொசுவா?
ஒன்றைத்தான் தட்ட முடியும்."
மூன்றும் ஒரே தண்ணீர்தானே தம்பி, என்றேன்.
திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
கொசுவைத் தட்டினான்.

நாற்பது நாள் கழித்துக் கடிதம்.
வரி கட்டியவளுக்கு
ஒரே ஒரு வரி:
கவனத்தில் உள்ளது.

எனக்கு வேலை நகல் கடையில்.
சட்டம் படிக்கும் பெண்ணொருத்தி
ஊராட்சிச் சட்டத்தை இரண்டு பிரதி கேட்டாள்.
இயந்திரம் ஒரு தாளை மென்று துப்பியது.
சூடு ஆறுமுன் மேசையில் நீவி வாசித்தேன்.
தொல்லை என்றால் என்ன என்று இருந்தது:
கண்ணுக்கு, மூக்குக்கு, காதுக்குக் கேடு தரும் செயல்,
அல்லது செய்யாமல் விட்டது,
உடம்புக்கோ உடைமைக்கோ ஆபத்தானது,
குடியிருப்போர் எல்லோருடைய உரிமையையும் தொடுவது.

சட்டத்துக்கு மூக்கு உண்டு என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

முதலாளி சாப்பிடப் போன நேரத்தில்
மீதியையும் எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.
எண்பதாம் பிரிவில் நின்றேன்.
மன்றம் தொல்லையை அகற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும்.
எடுக்கலாம் இல்லை,
வேண்டும்.
பென்சிலால் அடிக்கோடு. பிறகு பேனாவால்.

நான் பார்த்தது இரண்டே வாக்குச்சீட்டு.
ஒன்று புத்ராஜெயாவுக்கு, ஒன்று மாநிலத்துக்கு.
என் வாசலுக்கு வெளியே நாலடி நிலத்துக்குச்
சீட்டு கிடையாது.
அதற்கு உறுப்பினரை யாரோ நியமிக்கிறார்கள்,
நான் எதிர்த்தும் போட்டதில்லை, ஆதரித்தும் இல்லை,
வழியில் கண்டால் அடையாளம் தெரியாது.
அதனால்தான் மை படாத விரலால்
இந்த இரண்டு தாளையும் இணைத்து
மறுபடி எழுதினேன்.
பி பிளாக் அர்ஜுனமணியும் சியூ கெய்க்கும்
கீழே கையெழுத்துப் போட்டார்கள்,
அவள் சீனத்தில், மிகப் பெரிதாக.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது.
முழங்கால் பூட்ஸில் இரண்டு நேப்பாளப் பையன்கள்,
குடைபிடித்த மேற்பார்வையாளர் ரொஸ்லான்.
முதலில் ஒரு மெத்தை வந்தது.
மோட்டார் சைக்கிள் தொப்பி,
இடதுகால் பள்ளிச் சப்பாத்து,
எங்கள் எல்லோருடைய பால் டின்கள்.
மாடிகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.
மெத்தையை யாரும் அடையாளம் காணவில்லை.

பிறகு ஒரு காகிதக் கட்டு,
இளஞ்சிவப்புக் கயிற்றில் இரட்டை முடிச்சு.
என் முடிச்சு.
குப்பைத்தொட்டி நிரம்பியிருந்த ஓர் இரவு,
மழை, கடையின் பாழ்த்தாள்கள்,
கை தானாக வீசியது.
செய்யாமல் விட்டதைத் தேடி இத்தனை நாள் அலைந்தவள்
"செயல்" என்ற சொல்லைத்
தாண்டிப் போயிருக்கிறேன்.
நேப்பாளப் பையன் அதைத் தூக்கி எறிந்தான்,
ஈரக் கருமை சொட்ட.
அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.
வீட்டிலிருந்து மைலோ கலந்து எடுத்து வந்தேன்,
இரண்டு குவளை, பிறகு மூன்றாவதும்.

ரொஸ்லான் அட்டையை நீட்டினார்.
"வேலை முடிந்தது. கையெழுத்து, காக்."
பேனாவை வாங்கினேன்.
வானம் ஜெட்டிப் பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது.
பெயருக்கு மேலே ஒரு வரி எழுதினேன்:
மழை பெய்யட்டும்.
பிறகு சொல்கிறேன்.